ஓனானா மறுத்துவிட்டது

போன் அடித்தபோது நான் பங்கானி ஆற்றுக்கு அக்கரையில், ப்வேனிப் பள்ளிக்கூடத்தில், ஒரு கீபோர்டைக் கவிழ்த்துப் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தேன். மாண்டாசி என்கிற எண்ணெய்ப் பலகாரத்தின் துகள் கொட்டிக்கொண்டே இருந்தது. வாத்தியார்கள் தாங்கள் தின்பதையெல்லாம் கீபோர்டுக்கும் ஊட்டுகிறார்கள்.

"ஹிதாயா, எங்கடி இருக்கே?"

மஷாவு அக்கா. நான் கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்ளும் ஆஸ்பத்திரியின் தலைமை நர்ஸ். அவளும் நானும் ஐந்து மாதமாகத் தேவைக்கு மேல் ஒரு வார்த்தை பேசுவதில்லை. அவளே கூப்பிடுகிறாள் என்றால் விஷயம் சின்னதாக இருக்காது.

"ப்வேனியில. ஏன்?"

"டார் எஸ் சலாம்லருந்து கூப்பிட்டாச்சு. ரயா சட்டையக் கழட்டிட்டுப் படுத்திருக்கா. டாக்டர் எக்கோ குழாயைக் கையில புடிச்சிட்டு நிக்கிறாரு. கம்ப்யூட்டர் திறக்க மாட்டேங்குது."

"இப்பவா? பத்து மணிக்குத்தானே?"

"பத்துதான் ஆவுது! கடிகாரத்தப் பாரு!"

பார்த்தேன். சுவர்க் கடிகாரம் சரியாகப் பத்தைக் காட்டியது. கீபோர்டை அப்படியே போட்டுவிட்டு எழுந்தேன்.

எங்கள் கரையில் பொழுது விடிந்ததிலிருந்துதான் மணி எண்ணுவோம். கடிகாரத்தில் ஏழு என்றால் எங்கள் வாயில் ஒன்று. கடிகாரத்தில் பத்து என்றால் எங்களுக்கு நான்கு. நாங்கள் பத்து மணி என்று சொன்னால் அது சாயங்காலம், கடிகாரம் நான்கைக் காட்டும் நேரம். ஆறைக் கூட்டுவதும் கழிப்பதும் பால் பல் விழுவதற்கு முன்பே எங்களுக்கு வந்துவிடும். நேற்று டாக்டர் செம்போஜா என் மேசையில் ஒரு சீட்டை ஒட்டிவிட்டுப் போயிருந்தார்: 'நாளை 10. டாரிலிருந்து ரயாவைப் பார்க்கிறார்கள். ஓனானா திறந்திருக்க வேண்டும்.' ஓனானா என்பது முகம் பார்த்துப் பேசும் தளம். அவர் வெளிநாட்டில் ஏழு வருஷம் படித்தவர். பேசும்போது ஊர்க் கணக்கு, எழுதும்போது கடிகாரக் கணக்கு. எந்தப் பத்து என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். நான் யாரையும் எதையும் கேட்கிற ஜென்மமில்லை. சாயங்காலம் பத்துக்குள் திரும்பிவிடலாம் என்று காலையில் ஃபெர்ரி ஏறி வந்துவிட்டேன்.

ரயாவுக்கு நான்கு வயது. ஆஸ்பத்திரி வாசலில் மாண்டாசி சுட்டு விற்கிற கிபிபியின் ஒரே பெண். இதயத்தில் ஓட்டை. பத்தடி நடந்தால் குத்தவைத்து உட்கார்ந்துவிடுவாள், உதடு நாவல்பழம் தின்ற மாதிரி நீலமாகிவிடும். வெளிநாட்டிலிருந்து ஓர் அறுவைச் சிகிச்சைக் குழு டார் எஸ் சலாமுக்கு வந்திருந்தது. நாடு முழுக்க நாற்பது குழந்தைகளைத் திரையில் பார்த்து, பன்னிரண்டு பேரைத் தேர்ந்தெடுப்பார்கள். ஒரு குழந்தைக்கு இருபது நிமிஷம். வராத குழந்தையைத் தாண்டி அடுத்த ஊருக்குப் போய்விடுவார்கள். மறுபடி அவர்கள் வருவது அடுத்த வருஷம். "அடுத்த வருஷம் வரைக்கும் தாங்குமா டாக்டர்?" என்று நான் கேட்டதற்கு அவர் ஸ்டெதாஸ்கோப்பைச் சுருட்டிப் பைக்குள் வைத்துக்கொண்டு, "பார்க்கலாம்" என்றார். அப்படிச் சொல்லும் டாக்டரை எனக்குத் தெரியும்.

"திரையில என்ன வருது?" படியிறங்கி ஓடிக்கொண்டே கேட்டேன்.

"ஓனானா இணைக்க மறுத்துவிட்டதுன்னு வருது." கொஞ்சம் நிறுத்தினாள். "அதே எழுத்துதான் ஹிதாயா. அன்னிக்கு என் பையன் சுலேயக் கூப்பிட்டப்ப வந்துச்சே, அதே எழுத்து."

இன்னும் வேகமாக ஓடினேன்.

இதை இப்போதே சொல்லிவிடுகிறேன், பிறகு சொன்னால் சப்பைக்கட்டுக் கட்டுகிற மாதிரி இருக்கும்.

எந்தக் கம்ப்யூட்டரும் ஒரு தளத்தைத் தேடி வெளியே கிளம்பும் முன் தன்னிடமே இருக்கும் ஒரு சின்னக் கோப்பைப் பார்க்கும். ஹோஸ்ட்ஸ் என்று அதற்குப் பெயர். இன்னாருடைய வீடு இந்த எண்ணில் என்று அதில் எழுதியிருந்தால் அங்கேயே போகும், வேறு யாரையும் கேட்காது. வேண்டாத தளத்தின் பெயருக்கு எதிரே 127.0.0.1 என்று எழுதிவிட்டால் போதும். அது அந்தக் கம்ப்யூட்டரின் சொந்த வீட்டு எண். ஊரெல்லாம் சுற்றப் புறப்பட்டது தன் வீட்டுக் கதவையே தட்டிக்கொண்டு நிற்கும். உள்ளே யாரும் இல்லை. 'மறுத்துவிட்டது' என்று திரையில் எழுதிவிடும்.

மாதத்துக்கு வாங்கும் இணையம் பத்தாம் தேதியே தீர்ந்துபோகிறது என்று டாக்டர் புலம்பியதால்தான் நான் இந்த வேலையில் இறங்கினேன். பந்துப் பந்தயம், துருக்கி நாடகம், அம்மணப் படம் என்று ஆயிரத்து நானூறு பெயர் கொண்ட பட்டியலை எங்கிருந்தோ எடுத்து ஒட்டினேன். ஆஸ்பத்திரி வாயடைத்துப்போனது. எனக்கு அந்தச் சுகம் பிடித்துவிட்டது. பிறகு பட்டியலின் அடியில் என் கையால் பதினோரு வரிகள் சேர்த்தேன், ஆளுக்கு ஒன்றாக. ஒவ்வொரு வரியின் கடைசியிலும் தண்டவாளம் போட்டு, யாருக்காக, எதற்காக என்று குறித்துவைத்தேன். தண்டவாளம் என்பது போனில் பேலன்ஸ் பார்க்கக் கடைசியாக அழுத்துவோமே, அந்தக் குறுக்கும் நெடுக்குமான குறி. அதற்குப் பின்னால் எழுதுவதைக் கம்ப்யூட்டர் படிக்காது. வரியின் தலையிலேயே போட்டால் வரி முழுவதுமே செத்துப்போகும்.

மஷாவு அக்காவுக்கும் ஒரு வரி இருந்தது.

அவள் மகன் சுலேமான் மஸ்கட்டில் ஒரு தொழிலாளர் முகாமில் சமையல்காரன். அந்த முகாமில் மற்ற எல்லாவற்றையும் மூடி வைத்திருக்கிறார்கள், ஓனானா ஒன்றுதான் திறக்கும். மஷாவு அக்காவிடம் இருப்பது பொத்தான் போன். ஆகவே மதியச் சாப்பாட்டு நேரத்தில் எங்கள் கம்ப்யூட்டர் முன்னால் தட்டோடு உட்கார்ந்து, மகன் முகத்தைப் பார்த்துக்கொண்டே சாப்பிடுவாள். அதில் என்ன தப்பு? ஒரு தப்பும் இல்லை. ஆனால் மார்ச் மாதம் ஒருநாள், டீ நேரத்தில், எல்லோரும் கேட்க, "ஹிதாயாவுக்கு எதுக்குப் புருஷன்? கம்ப்யூட்டரக் கட்டிக்கிட்டாளே. பொறந்தா மவுஸ்தான் பொறக்கும்" என்றாள். அறை முழுக்கச் சிரித்தது. மருந்துக்கடை ஜும்பே சிரித்துச் சிரித்து டீயைச் சட்டையில் கொட்டிக்கொண்டான். எனக்கு நாற்பத்தியொரு வயது. நானும் சிரித்தேன். அன்று வேலை முடிந்ததும் அவளுக்கு ஒரு வரி எழுதினேன்.

மறுநாள் அவள் தட்டோடு உட்கார்ந்தாள், திரை 'மறுத்துவிட்டது' என்றது. அதற்கு முந்தின வாரம்தான் மகனுக்கும் அவளுக்கும் சண்டை. அவன் ஒரு பெண்ணைக் கட்ட வேண்டும் என்றான், இவள் கூடாது என்றாள். அவள் என்னைப் பார்த்து, "மறுத்துவிட்டதுன்னு வருதே ஹிதாயா, அவன்தான் மறுத்துட்டானா?" என்று கேட்டாள்.

"அப்படித்தான் இருக்கும்" என்றேன்.

அவ்வளவுதான் நான் சொன்னது. அதன் பிறகு அவள் அந்த நாற்காலியில் உட்கார்ந்ததே இல்லை.

ஆற்றங்கரைக்கு வந்தபோது பத்து மணி நான்கு நிமிஷம். ஃபெர்ரி கிளம்பக் கயிறு அவிழ்த்துக்கொண்டிருந்தார்கள். தாவி ஏறினேன். கரி மூட்டைகள், மூன்று மோட்டார் சைக்கிள்கள், ஒரு மினி லாரி, பேய்க்கணவாய்க் கூடையோடு ஒரு அம்மாள். மோட்டார் சைக்கிளில் சவாரி ஓட்டும் ங்காயா என் போனை எட்டிப் பார்த்தான். என் போனில் காது வைக்கும் இடம் செத்துப்போய் ஒரு வருஷமாகிறது, ஸ்பீக்கரில்தான் பேச வேண்டும். ஆறு முழுக்கக் கேட்கும்.

"அக்கா, கேக்குதா? நான் சொல்றத அப்படியே செய்யி. உக்காந்தாச்சா?"

"உக்காந்துட்டேன். சீக்கிரம் சொல்லு. பத்து இருபதுக்கு மேல நிக்க மாட்டாங்களாம். அடுத்தது முவான்சாவுல ஒரு பையன் ரெடியா இருக்கானாம்."

பின்னாலிருந்து டாக்டரின் குரல் வந்தது. "ஹிதாயா, என் கைப்பேசியில வச்சுக் காட்டலாமான்னு கேட்டுட்டேன். எக்கோ இந்தக் கம்ப்யூட்டர்லதான் மாட்டியிருக்கு. இதயம் துடிக்கிறத நேரா பார்க்கணுங்கிறாங்க. இதத் திறந்தே ஆகணும்."

"திறந்துடலாம் டாக்டர். அக்கா, நோட்பேடுன்னு ஒரு படம் இருக்கும், நீல நோட்டுப் புத்தகம் மாதிரி. அது மேல வலது பொத்தான் அழுத்து. அட்மினிஸ்ட்ரேட்டர்னு ஒரு வரி இருக்கும்."

"வலதுன்னா எந்தப் பக்கம்?"

"நீ ஊசி போடுற கை!"

"நான் இடது கையாலதான்டி போடுவேன்!"

கூடைக்கார அம்மாள் களுக்கென்று சிரித்தாள். "அப்போ மறு கை!" என்றேன். ஃபெர்ரி ஆற்றுக்குள் நகர்ந்தது, இஞ்சின் சத்தத்தில் நான் கத்த வேண்டியிருந்தது.

"பாஸ்வேர்டு கேக்குது" என்றாள் மஷாவு அக்கா.

இரண்டு வருஷமாக அந்தச் சொல்லை நான் யாருக்கும் சொன்னதில்லை. டாக்டர் இரண்டு தடவை கேட்டார், நாளைக்கு எழுதித் தருகிறேன் என்று இழுத்தடித்தேன். அது என்னிடம் இருக்கிறவரை என்னைக் கேட்காமல் அந்தக் கம்ப்யூட்டரில் ஓர் ஈ கூட உட்கார முடியாது.

"ஹிதாயா பெகே" என்றேன்.

"என்னது? சத்தமா சொல்லு!"

"ஹிதாயா பெகே! சேத்து அடி! ஹெச், ஐ, டி, ஏ, ஒய், ஏ! அப்புறம் பி, இ, கே, இ, இ! எல்லாம் சின்ன எழுத்து!"

ஹிதாயா மட்டும். எங்கள் பாஷையில் அதுதான் அதற்கு அர்த்தம். ங்காயா தன் வண்டிமேல் குப்புறச் சாய்ந்து சிரித்தான். "ஹிதாயா மட்டுமா? இப்ப ஹிதாயாவும் இந்த ஃபெர்ரியும் அக்கா!" என்றான். நாலு பேர் கைதட்டினார்கள். நான் திரும்பிப் பார்த்த பார்வையில் மற்றவர்கள் அடங்கினார்கள், அவன் அடங்கவில்லை.

"உள்ள விட்டுருச்சு" என்றாள். "இப்ப?"

மணி பத்து ஒன்பது.

ஃபைல், ஓப்பன், சி, விண்டோஸ், சிஸ்டம் முப்பத்திரண்டு, டிரைவர்ஸ், ஈடிசி. ஒவ்வொரு அறையாக அவளை நடத்திக் கூட்டிப்போனேன். அவள் ஒவ்வொன்றையும் எழுத்துக்கூட்டி வாசித்து, சரிதானா என்று கேட்டு, பிறகே நுழைந்தாள். முப்பது வருஷமாக மருந்துக் குப்பியை மூன்று தடவை வாசித்துவிட்டு ஊசி போடுகிறவள். அவளை அவசரப்படுத்த ஆண்டவனாலும் முடியாது. பின்னால் கிபிபி முணுமுணுவென்று ஓதிக்கொண்டிருப்பது கேட்டது. நடுவில் ரயாவின் குரல், "அம்மா, குளிருது."

"காலியா இருக்கு ஹிதாயா. உள்ள ஒண்ணுமே இல்ல."

ஒரு கணம் எனக்கும் புரியவில்லை. யாராவது அழித்துவிட்டார்களா? பிறகு மண்டையில் உறைத்தது. நோட்பேடு தன் இனத்துக் கோப்பை மட்டும்தான் காட்டும், ஹோஸ்ட்ஸைக் கண்ணில் காட்டாது.

"கீழ ஓரத்துல டெக்ஸ்ட்னு ஒரு பெட்டி இருக்கும். அத அமுக்கி, ஆல் ஃபைல்ஸ்னு மாத்து."

"மாத்திட்டேன். ஆ, வந்துருச்சு. ஹோஸ்ட்ஸ். திறக்கட்டா?"

"திற."

"யப்பா! எவ்வளவு பேரு!"

பத்து பன்னிரண்டு. ஃபெர்ரி ஆற்றின் நடுவில் இருந்தது. அக்கரையில் எங்கள் ஆஸ்பத்திரியின் தகரக் கூரை தெரிந்தது. நீந்திப் போய்விடலாமா என்று கூடத் தோன்றியது.

அப்போது எனக்கு ஒரு வழி தெரிந்தது. எல்லாவற்றையும் மொத்தமாக அழித்துவிடச் சொல்லலாம். இரண்டே பொத்தான். ஆயிரத்து நானூறு பெயரும், என் பதினோரு வரியும், மஷாவு அக்காவுக்கு நான் எழுதியதும் ஒரே நொடியில் போய்விடும், யாரும் எதையும் வாசிக்க மாட்டார்கள். சொல்லப்போனேன். "அக்கா, கன்ட்ரோலையும் ஏயையும் சேத்து அமுக்கு" என்றும் சொல்லிவிட்டேன்.

"அமுக்கிட்டேன். எல்லாம் நீலமா மாறிருச்சு. இப்ப?"

டெலீட் என்ற சொல் நாக்கு நுனியில் இருந்தது. எக்கோ கருவிக்கு வழி சொல்லும் வரியும் அதே கோப்பில்தான் இருக்கிறது. அதை நான்தான் எழுதினேன், அந்த எண் எனக்கு மனப்பாடம் இல்லை. கோப்பை அழித்தால் ஓனானா திறக்கும், ஆனால் ரயாவின் இதயம் திரைக்கு வராது. டாரில் இருக்கிறவர்கள் ஒரு கறுப்புப் பெட்டியைப் பார்த்துவிட்டு முவான்சாப் பையனிடம் போய்விடுவார்கள். அது எனக்குத் தெரியும். தெரிந்தும் இரண்டு மூச்சு நேரம் நான் சும்மா நின்றேன். என் மானத்தைக் காப்பாற்ற ஒரு குழந்தையைப் பணயம் வைக்கலாமா என்று நிஜமாகவே யோசித்தேன். இதை எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது.

"ஹிதாயா! அழிக்கணுமா என்ன? சொல்லித் தொலை!"

"அழிக்காதே! எதையும் அழிக்காதே. நீலத்து மேல எங்கேயாவது ஒரு தடவை அமுக்கு, போயிடும். கன்ட்ரோலும் எஃபும் அமுக்கி, ஓனானான்னு அடி. நேரா அந்த வரிக்கே கொண்டுபோய் விட்டுரும். வரிக்கு முன்னாடி ஒரு தண்டவாளம் போட்டா போதும்."

விரல் தட்டும் சத்தம். ஓ. என். ஏ. என். ஏ.

டாக்டர் அவள் தோளுக்கு மேல் குனிந்திருக்க வேண்டும். "இது என்ன, என் பேரு இருக்கு? 'டாக்டர், பழைய கார் பார்க்கிறார்.' ஏம்மா ஹிதாயா, அந்தத் தளம் கெட்டுப்போச்சுன்னு சொன்னியே?"

"டாக்டர், அப்புறம்" என்றேன்.

"ஜும்பே பேரும் இருக்கு. 'பந்தயப் பைத்தியம்.'"

ஃபெர்ரியில் எல்லோரும் சிரித்தார்கள். கூடைக்கார அம்மாள் கூடையை இறக்கி வைத்துவிட்டு, "எல்லாரையும் எழுதி வச்சிருக்காளா? கெட்டிக்காரிதான்" என்றாள்.

மஷாவு அக்கா சிரிக்கவில்லை. கிபிபியின் ஓதல் மட்டும் கேட்டது. அவள் தன் வரிக்கு வந்துவிட்டாள் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

பிறகு வாசித்தாள், குப்பியில் எழுதியிருப்பதை வாசிக்கிற அதே குரலில்.

"நூத்திருபத்தேழு, சைபர், சைபர், ஒண்ணு. ஓனானா. தண்டவாளம். மஷாவு. மகனோடு தினம் ஒரு மணி நேரம் வெட்டிப் பேச்சு. மார்ச் ஏழு."

ஃபெர்ரியில் சிரிப்பு ஒவ்வொன்றாக நின்றது. ங்காயா கூட நிமிர்ந்து உட்கார்ந்தான்.

"மார்ச் ஏழு" என்றாள் மறுபடியும். "சுலே மறுத்தது எட்டாந்தேதி."

"அக்கா..."

"வரிக்கு முன்னாடி தண்டவாளம் போடணும். அவ்வளவுதானே?"

"அக்கா, நான்..."

"அவ்வளவுதானேன்னு கேட்டேன்."

"ஆமா. ஷிஃப்டும் மூணும். அப்புறம் கன்ட்ரோல் எஸ்."

"போட்டாச்சு."

பத்து பதினாறு.

"இன்னும் மறுத்துவிட்டதுன்னுதான் வருது" என்றார் டாக்டர். அவர் கைப்பேசியில் டாரிலிருந்து ஒரு பெண் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள், போகலாமா, போகலாமா என்கிற தோரணையில்.

"பிரவுசர முழுசா மூடித் திறக்கணும். எல்லா ஜன்னலையும் மூடுங்க. மூலையில இருக்கிற பெருக்கல் குறி. எல்லாத்தையும்!"

"ஒரு நிமிஷம்ங்க, ஒரே நிமிஷம்" என்று டாக்டர் அந்தப் பெண்ணிடம் கெஞ்சினார். அவர் யாரிடமும் கெஞ்சி நான் அதுவரை கேட்டதில்லை.

கரி மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டேன். போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். ஃபெர்ரியில் இருந்த அத்தனை பேரும் அந்தப் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இஞ்சினை ஓட்டுகிறவன்கூட வேகத்தைக் குறைத்துவிட்டான், சத்தம் கேட்கட்டும் என்று. கிபிபி ஓதுவதை நிறுத்திவிட்டாள்.

ஒரு மணிச் சத்தம். கிணுகிணுவென்று, மதிய நேரத்தில் ஐந்து மாதத்துக்கு முன்பு தினமும் நான் கேட்ட அதே சத்தம்.

பிறகு ஒரு வெளிநாட்டுக்காரரின் குரல். "ஹலோ, பங்கானி. ரயாதானே? வணக்கம் ரயா."

போன் கட்டாயிற்று. மஷாவு அக்காதான் வைத்திருப்பாள்.

ஃபெர்ரியில் ஒரே கூச்சல். ங்காயா ஹாரனை அமுக்கினான், லாரிக்காரனும் அமுக்கினான். நான் எழுந்திருக்கவில்லை. கூடைக்கார அம்மாள் என் பக்கத்தில் வந்து குனிந்து, யாருக்கும் கேட்காதபடி, "அது நீ எழுதினதா?" என்றாள்.

"ஆமா."

அவள் கூடையைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு, கரை வருகிறதா என்று பார்த்தாள்.

நான் ஆஸ்பத்திரிக்குள் ஓடி நுழைந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. வாசலில் கிபிபி என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். ரயாவை எடுத்துக்கொண்டார்களாம். பார்த்த உடனேயே சொல்லிவிட்டார்களாம், அடுத்த செவ்வாய்க்கிழமை டாருக்கு வரச் சொல்லி. "அக்கா, நீங்க நல்லா இருக்கணும், உங்க கை நல்லா இருக்கணும்" என்று என் கையைப் பிடித்து முத்தம் கொடுத்தாள். அந்தக் கையை எங்கே வைத்துக்கொள்வது என்று எனக்குத் தெரியவில்லை. ரயா பெஞ்சில் உட்கார்ந்து ஒரு மாண்டாசியைப் பிய்த்துக்கொண்டிருந்தாள். நெஞ்சில் தடவிய பசை இன்னும் பளபளத்தது. என்னைப் பார்த்து, "நான் டிவியில வந்தேன்" என்றாள்.

கம்ப்யூட்டர் அறையில் டாக்டர் மட்டும் இருந்தார். எக்கோ குழாயைத் துடைத்துக்கொண்டிருந்தார். சீட்டைப் பற்றி நான் வாயெடுக்கும் முன் அவரே, "எந்தப் பத்துன்னு நான் எழுதியிருக்கணும்" என்றார். பிறகு துடைப்பதை நிறுத்தாமலே, "அவங்க இப்பத்தான் மகன்கிட்ட பேசிட்டு வார்டுக்குப் போனாங்க. பேசினாங்கன்னு சொல்ல முடியாது. ரெண்டு பேரும் அழுதுட்டு இருந்தாங்க" என்றார்.

"எடுத்தானா?"

"முதல் மணிக்கே எடுத்துட்டான். தினமும் மத்தியான நேரத்துல உக்காந்து பார்ப்பானாம். அம்மாதான் தன்னை வேண்டாம்னுட்டாங்கன்னு நெனச்சானாம்." குழாயைக் கொக்கியில் மாட்டினார். "ஜூன்ல கல்யாணம் முடிஞ்சிருச்சாம். அம்மா இல்லாமலே."

என்னைத் திட்டியிருந்தால் தேவலாம். அவர் திட்டவில்லை. விளக்கை அணைக்காமல் வெளியே போனார்.

வார்டுக்குப் போனேன். மஷாவு அக்கா ஒரு கட்டிலுக்குக் குனிந்து யாருக்கோ நாடி பார்த்துக்கொண்டிருந்தாள். கண் சிவந்திருந்தது. நான் பக்கத்தில் போய் நின்றேன். அவள் நாடியை எண்ணி முடித்தாள், எழுதினாள், அடுத்த கட்டிலுக்குப் போனாள். என் பக்கம் திரும்பவே இல்லை. அங்கே ஒரு கம்பம் நின்றிருந்தாலும் இடித்துக்கொள்ளாமல் விலகிப் போயிருப்பாள், அப்படித்தான் என்னையும் விலகிப் போனாள். நான் அங்கே நின்று அழுதேன். அதுவும் அவளுக்குக் கேட்டதாகத் தெரியவில்லை.

கம்ப்யூட்டரை மூடத் திரும்பி வந்தேன். நோட்பேடு இன்னும் திறந்தே கிடந்தது. அவள் போட்ட தண்டவாளம் ஓனானாவின் தலைமேல் இருந்தது. அவள் தலையில் நான் எழுதியதை அவள் அழிக்கவில்லை, அப்படியே விட்டிருந்தாள். கோப்பின் கடைசிக்குப் போனேன். என் பதினோரு வரிக்குக் கீழே புதிதாக ஒரு வரி இருந்தது. ஒற்றை விரலால், எழுத்துக்கூட்டி, மூன்று தடவை சரிபார்த்து அடித்திருப்பாள். ஒரு பிழை இல்லை. சேமித்தும் இருந்தாள்.

127.0.0.1   ஹிதாயா   # மறுத்துவிட்டது

ஹிதாயா என்று உலகத்தில் எந்தத் தளமும் இருப்பதாக எனக்குத் தெரியாது. அந்த வரி எதையும் அடைக்காது. இரண்டு பொத்தானில் அழித்துவிடலாம்.

மற்ற பத்து வரிகளையும் அன்றே அழித்தேன். டாக்டருக்குப் பழைய கார்கள் திரும்பிவிட்டன. ஜும்பே மருந்துச் சீட்டுக்கு நடுவே மறுபடியும் பந்து பார்க்கிறான். ரயாவுக்கு அறுவை முடிந்து பதினேழு நாளாகிறது, உதடு மற்றப் பிள்ளைகளின் உதடு மாதிரி இருக்கிறது. மதிய நேரத்தில் மஷாவு அக்கா தட்டோடு வந்து உட்காருகிறாள், திரையில் மகனும் புது மருமகளும் தெரிகிறார்கள். நான் அப்போது எழுந்து வெளியே போய்விடுகிறேன்.

கடைசி வரியை நான் தொடவில்லை. காலையில் வந்ததும் முதல் வேலையாக அந்தக் கோப்பைத் திறந்து, அதன் தலையில் தண்டவாளம் விழுந்திருக்கிறதா என்று பார்க்கிறேன். ஃபெர்ரியில் என்னைக் கண்டால் போதும், ங்காயா "ஹிதாயா மட்டும்!" என்று கத்துகிறான். ஊருக்கே தெரிந்த பாஸ்வேர்டை இன்னும் ஏன் மாற்றவில்லை என்று டாக்டர் இரண்டு தடவை கேட்டுவிட்டார். மாற்றினால் அவளால் அந்தக் கோப்புக்குள் போக முடியாது.